தம்பி உயிரோட இருக்கான், அதனாலதான் விசாரணை இல்லையா?

பட்டர்வொர்த்_அக்கா | வியாழன், இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம இங்க எழுதறேன்.

என் தம்பிக்கு 26 வயசு. ஒரு கேஸ்ல பிடிச்சு அஞ்சு மாசமா ரிமாண்ட் கைதியா சிறையில இருக்கான். ஜாமீன் 8,000 வெள்ளி கட்ட எங்களால முடியல. கேஸ் இன்னும் விசாரணைக்கே வரல. எந்தச் சிறைன்னு இங்க சொல்ல மாட்டேன், அவன் இன்னும் உள்ளதான் இருக்கான்.

போன சனிக்கிழமை பாக்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து டெலிபோனை இடது கையில எடுத்தான். அவன் சோத்துக்கைக்காரன், இடது கையால எதையும் எடுக்க மாட்டான். என்னடான்னு கேட்டேன். குளிக்கிற இடத்துல வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னான். பின்னால நின்ன வார்டர் கொஞ்சம் தள்ளிப் போனதும் சட்டைக் காலரை விலக்கிக் காட்டினான். தோள்பட்டையிலேர்ந்து கழுத்து வரைக்கும் கருநீலம். "அக்கா, மூணு பேரு. ரப்பர் பைப்பு. யார்கிட்டயும் சொல்லிடாதே"ன்னான். ரெண்டு வருஷம் முன்னாடி தண்ணிமலைக்குக் காவடி தூக்கின அதே தோள்பட்டை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். "அடிபட்டவரே வந்து சொல்லணும், நீங்க எப்படி ரிப்போர்ட் பண்றது"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவன் எப்படி வருவான்? வர்ற செவ்வாய்க்கிழமை அவனுக்கு கோர்ட்ல மென்ஷன் இருக்கு, கேஸைக் கூப்பிட்டு அடுத்த தேதி சொல்ற நாள். இந்த மாதிரி புகாரை நீதிபதி விசாரிப்பாரா? யாராவது தெரிஞ்சவங்க சொல்லுங்க. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

---

செந்தூல்_வக்கீல் | வியாழன், இரவு 11.58

அக்கா, முதல்ல ஸ்டேஷன் விஷயம். உங்களைத் திருப்பி அனுப்பியது தவறு. குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்த யாரும் ரிப்போர்ட் கொடுக்கலாம். மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. அடிபட்டவரே வரணும் என்று எங்கேயும் இல்லை. நாளைக் காலையில் வேறு ஸ்டேஷனுக்குப் போங்க, நாட்டில் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். ரிப்போர்ட் நகலை வாங்காமல் வெளியே வராதீங்க. நாலு வாரம் கழித்து விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, அது 107ஏ.

போகும் முன் இன்றிரவே ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிவிடுங்க. சனிக்கிழமை எத்தனை மணிக்குப் பார்த்தீங்க, எந்தக் கையில் டெலிபோன் எடுத்தான், காயம் எங்கிருந்து எங்கே வரை, என்ன நிறம், அவன் சொன்ன சொல் என்ன. அவன் சொன்ன மாதிரியே எழுதணும், நீங்க திருத்தாதீங்க. கீழே தேதி, கையெழுத்து.

நீதிபதி விசாரிப்பாரா என்ற கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். நாளைக்கு கோர்ட் முடிந்து வந்து எழுதுகிறேன்.

---

கெராமாட்_கடைக்காரர் | வெள்ளி, காலை 7.05

நான் சொல்றது சில பேருக்குப் பிடிக்காது. போன வருஷம் என் கடையை உடைச்சு கல்லாப்பெட்டியோட தூக்கிட்டுப் போனாங்க. பிடிபட்டவன் நம்ம இனத்துப் பையன்தான். 14 வருஷம் கட்டின கடை. எனக்கு என்ன ஆச்சுன்னு விசாரிக்க எந்தக் கமிஷனும் வரல. தம்பி என்ன கேஸ்ல உள்ள போனான்னு அக்கா ஒரு வார்த்தை சொல்லலையே.

---

பட்டர்வொர்த்_அக்கா | வெள்ளி, காலை 7.40

அண்ணே, மறைக்கல. சண்டைக் கேஸ். ஒருத்தருக்குத் தலையில தையல் போட்டிருக்கு. என் தம்பி அடிச்சானா இல்லையான்னு கோர்ட் சொல்லட்டும். அடிச்சிருந்தா அவன் உள்ள இருக்கணும்னு நானே சொல்வேன். உங்க கடைக்கு நடந்ததுக்கு வருத்தப்படறேன், உண்மையாத்தான் சொல்றேன்.

---

பழைய_மொழிபெயர்ப்பாளர் | வெள்ளி, மதியம் 1.15

நான் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக 31 ஆண்டுகள் இருந்தவன். ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

மென்ஷன் அன்று உங்கள் தம்பிக்குக் கிடைக்கப்போவது இரண்டு நிமிடம். சில நாளில் அதுவும் இருக்காது. கையில் விலங்கோடு முப்பது நாற்பது பேரை வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள். பெயர் கூப்பிடுவார்கள், எழுந்து நிற்பான், அடுத்த தேதி சொல்வார்கள், உட்காருவான். அந்த நேரத்துக்குள் அவன் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொன்னது மலாயில் சரியாகப் போய்ச் சேர வேண்டும். மாஜிஸ்திரேட் அதைக் குறிப்பில் எழுத வேண்டும். எழுதவில்லை என்றால், சட்டத்தின் கண்ணில் அவன் எதுவும் சொல்லவில்லை.

என் வேலையின் தொடக்க காலத்தில், எந்த ஊர் கோர்ட் என்று சொல்லவில்லை, ஒரு தோட்டத்து ஆள் கூண்டில் நின்று, "ஐயா, ஒடம்பெல்லாம் நோவுது. ரொம்ப அடிபட்டுருச்சு" என்றார். உடம்பு வலிக்கிறது, காயம் பட்டிருக்கிறது என்று நான் மலாயில் சொன்னேன். "சாக்கிட் பாடான், அடா செடரா." மாஜிஸ்திரேட் தலையசைத்து, லோக்கப்பில் மருந்து கொடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்குப் போனார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் என் மொழிபெயர்ப்பில் தவறு கிடையாது. ஆனால் அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். தன்னை அடித்தார்கள் என்றுதான் அவர் சொல்ல வந்தார். பக்கத்தில் நின்றவர்களுக்குப் பயந்து, அடித்தவர் இல்லாத ஒரு வினையைத் தேர்ந்தெடுத்தார். "அடிபட்டது" என்று சொன்னால் அடித்த கை மறைந்துவிடுகிறது. நம் மொழியில் பயந்தவன் ஒளிந்துகொள்ள அப்படி ஓர் இடம் இருக்கிறது. "யாராவது அடித்தார்களா என்று கேட்கட்டுமா, ஐயா?" என்று நான் மாஜிஸ்திரேட்டிடம் ஒரு வரி சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது 28 வயது, சொல்லவில்லை. அவர் முகம் இன்றைக்கும் மறக்கவில்லை.

அதனால் தம்பியிடம் சொல்லுங்கள். "அடிபட்டுச்சு" வேண்டாம், "அடிச்சாங்க" என்று சொல்லட்டும். "நோவுது" போதாது. யார், எந்த நாள், எந்த இடம், எதனால், எத்தனை பேர். பெயர் தெரியாவிட்டால் சட்டையில் இருந்த எண், அதுவும் தெரியாவிட்டால் உயரம், மீசை. ஐந்து வாக்கியம். முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொள்ளட்டும். மலாயில் சொல்லத் தெரிந்தால் "சாயா டிபுக்குல்", அதாவது என்னை அடித்தார்கள், என்று நேரடியாகவே ஆரம்பிக்கட்டும். அந்த ஒரு சொல் காதில் விழுந்தால் எந்த மாஜிஸ்திரேட்டும் பேனாவை எடுப்பார்.

---

கூலிம்_மலர் | வெள்ளி, மதியம் 2.02

படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு ஐயா. என் மாமா 90களில் லோக்கப்பிலேர்ந்து வந்து "வழுக்கி விழுந்துட்டேன்"னுதான் சாகிற வரைக்கும் சொன்னாரு. எங்க வீட்டுல யாரும் நம்பல, யாரும் கேக்கவும் இல்ல.

---

செந்தூல்_வக்கீல் | வெள்ளி, இரவு 9.30

சொன்னபடி எழுதுகிறேன். நான் ஜாலான் டூத்தா கோர்ட் பக்கம் தினமும் போகிறவன். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத குடும்பம் குறைவு.

இழையின் தலைப்பில் அக்கா கேட்டிருக்கிற கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால், நடைமுறைச் சட்டம் 334வது பிரிவின்படி நீதித்துறை விசாரணை கட்டாயம்; சிறையில் இறந்தால், தேவை என்று மாஜிஸ்திரேட் நினைத்தால் நடத்தலாம். அதற்காகவே 2014ல் மரண விசாரணை நீதிமன்றங்களைத் தனியாக அமைத்தார்கள். ஆனால் உயிரோடு இருக்கும் கைதி "என்னை அடித்தார்கள்" என்று சொன்னால், கண்டிப்பாக விசாரணை நடத்தியே ஆகணும் என்று அதே மாதிரி ஒரு பிரிவு கிடையாது. போலீஸ் காவலில் செத்தவனுக்குத் தானாகத் திறக்கிற கதவை உயிரோடு இருக்கிறவன் தட்டித்தான் திறக்கணும். எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

தட்டினால் திறக்காது என்று இல்லை. 1998 செப்டம்பர் 20ஆம் தேதி கைதான முன்னாள் துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம், 29ஆம் தேதி கோர்ட்டுக்கு வந்தபோது கண் கறுத்து வீங்கியிருந்ததை ஊரே பார்த்தது. அரச விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. அடித்தவர் அப்போதைய போலீஸ் படைத் தலைவரே என்பது அங்கே வெளிவந்தது. அந்தத் தலைவர் ரஹிம் நோர் 2000ல் இரண்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். கோர்ட் வாசலில் அந்தக் கண்ணை யாரும் பார்த்திருக்காவிட்டால்? உங்க தம்பியின் காயம் சட்டைக்குள் இருக்கிறது. அதை வெளிச்சத்துக்குக் கொண்டு வருவதுதான் இப்போதைய வேலை.

2009ல் குகன் விஷயம் எல்லாருக்கும் நினைவிருக்கும். 22 வயசு, சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தார். முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் என்றது. குடும்பம் விடாமல் இரண்டாவது பரிசோதனை கேட்டு வாங்கியது, அதில்தான் அடி தெரிந்தது. 2013ல் உயர்நீதிமன்றம் 8 லட்சம் வெள்ளிக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தத் தாய் முதல் காகிதத்தை நம்பிப் போயிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

இனி அக்கா செய்யக்கூடியது. செவ்வாய்க்கிழமை வக்கீல் வழியாகவோ தம்பி வாயாலோ கோர்ட்டில் புகார் பதிவாகணும், கூடவே அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்கு உத்தரவு கேட்கணும். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் தேசிய சட்ட உதவி அறக்கட்டளை இருக்கிறது, ஒய்பிஜிகே என்பார்கள். 2012லிருந்து குற்றவியல் கேஸ்களில் இலவசமாக வருகிறார்கள். மென்ஷன் அன்று கோர்ட்டிலேயே அவர்கள் ஆள் இருப்பார், சீக்கிரம் போய்ப் பிடியுங்க.

சிறைக்குள் ஹாக்கிம் பெலாவாட் என்று வருகை நீதிபதிகள் உண்டு. கைதிகள் குறையைக் கேட்பது அவர்கள் பொறுப்பு. தம்பி அவர்களைப் பார்க்கணும் என்று கேட்கலாம். மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கும் எழுதுங்க, தடுப்பு இடங்களுக்குள் போய்ப் பார்க்க அதற்கு அதிகாரம் உண்டு. ஒன்று கவனம். கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கிற அதே விஷயத்தை சுஹாகாம் விசாரிக்க முடியாது, அதன் சட்டத்திலேயே தடை இருக்கிறது. ஆகவே இழப்பீட்டு வழக்கு போடும் முன் சுஹாகாமுக்குப் போங்க. 2023ல் வந்த ஐபிசிசி, அதாவது போலீஸ் நடத்தையை விசாரிக்கிற ஆணையம், போலீஸுக்கு மட்டும்தான், சிறை வார்டர் விஷயத்துக்கு அங்கே போய்ப் பயனில்லை. அரசு மேல் இழப்பீட்டு வழக்குக்கு 36 மாதம் கெடு. அதை மறந்து நாலாவது வருஷம் என்னிடம் வந்த குடும்பங்கள் உண்டு, என்னால் எதுவும் செய்ய முடிந்ததில்லை.

கடைக்காரர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் ரோத்தான் என்கிற பிரம்படித் தண்டனை இருக்கிறது. அதற்கே தீர்ப்பில் எத்தனை அடி என்று எழுதணும், பெரியவர்களுக்கு 24க்கு மேல் போகக்கூடாது, மருத்துவ அதிகாரி பக்கத்தில் நிற்கணும். தீர்ப்பே வராத பையனை மூணு பேர் பைப்பால் அடிக்க யார் உத்தரவு போட்டது?

---

வார்டராக_இருந்தவன் | சனி, காலை 6.10

22 வருஷம் சிறையில் வேலை செய்தேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

எல்லா வார்டரும் அடிப்பதில்லை. பெரும்பாலானவர்கள் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகணும் என்று நினைக்கிற சாதாரண ஆட்கள். நாலு பேர் படுக்கிற அறையில் அதற்கு மேல் ஆள். ஒரு வார்டருக்கு ஒரு கட்டிடம். பயம் இரண்டு பக்கமும் உண்டு. அதனால் அடிக்கலாம் என்று சொல்ல வரவில்லை. எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

பெரும்பாலும் இடம் மாற்றும்போது நடக்கும். ஒரு பிளாக்கிலிருந்து இன்னொரு பிளாக்குக்கு. ஒருத்தன் மறுப்பான், ஒருத்தன் சத்தம் போடுவான், அப்புறம் யார் முதலில் கை வைத்தது என்று யாருக்கும் தெரியாது. 2025 ஜனவரியில் தைப்பிங் சிறையில் அப்படி ஒரு இடமாற்றத்தின்போதுதான் ஒரு கைதி இறந்து, சுஹாகாம் பொது விசாரணை வைத்தது. அந்தச் செய்தி வந்த அன்று நான் சாப்பிடவில்லை.

அக்கா கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, சிசிடிவி. பதிவு ரொம்ப நாள் இருக்காது, மேலேயே அடுத்தது பதிந்துவிடும். அந்தத் தேதிப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி சிறை இயக்குநருக்கு இன்றைக்கே கடிதம். பதிவுத் தபாலில், நகலைக் கோர்ட்டுக்கும் கொடுங்கள். இரண்டு, சிறை மருந்தக ஏடு. காயத்தோடு ஒருவன் போனால் உதவி மருத்துவ அதிகாரி அதில் எழுதுவார். "விழுந்தது" என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை, தேதியும் எந்த இடத்தில் காயம் என்பதும் இருக்கும். வழுக்கி விழுந்தவனுக்குத் தோள்பட்டையில் கோடு கோடாக விழாது. டாக்டருக்குத் தெரியும்.

நான் பார்த்து, பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. அதற்கு மேல் இங்கே எழுத முடியவில்லை.

---

பட்டர்வொர்த்_அக்கா | சனி, இரவு 8.45

எல்லாருக்கும் நன்றி. வார்டரா இருந்த அண்ணே, நீங்க எழுதினதுக்குத் தனியா நன்றி.

இன்னிக்கு மறுபடி பாக்கப் போனேன். தம்பி முதல்ல ஒத்துக்கல. "கோர்ட்ல சொல்லிட்டு திரும்ப அதே இடத்துக்குத்தானே வரணும்"ன்னான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் ஐயா எழுதின அந்த அஞ்சு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தேன். அவன் வாயில "அடிபட்டுச்சு"ன்னுதான் வருது. மூணு தடவை திருத்தினேன். நாலாவது தடவை "அடிச்சாங்க"ன்னான், சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

நேத்து வேற ஸ்டேஷன்ல ரிப்போர்ட் எடுத்துக்கிட்டாங்க. 107ன்னு சொன்னதும் பேசாம எழுதினாரு. நகல் கையில இருக்கு. சிறை இயக்குநருக்குக் கடிதம் திங்கக்கிழமை காலையில தபால் ஆபீஸ் திறந்ததும் போயிரும்.

---

யுஎஸ்எம்_மாணவி | ஞாயிறு, காலை 10.30

"திரும்ப அதே இடத்துக்குத்தானே" என்று தம்பி கேட்டது சரியான கேள்வி. கைதிகளை நடத்தும் முறை பற்றி ஐநா 2015ல் ஏற்ற மண்டேலா விதிகளில் 57வது விதி அதற்குத்தான் இருக்கிறது. புகார் சொன்ன கைதியைப் பழிவாங்கக்கூடாது, மிரட்டக்கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. ஆனால் அதை வைத்து இங்கே வழக்குப் போட முடியாது. சித்திரவதைக்கு எதிரான ஐநா உடன்படிக்கையிலும் மலேசியா சேரவில்லை. அதனால் நடைமுறையில் பாதுகாப்பு என்பது, புகார் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான். மனுவில் வேறு இடத்தில் வைக்கும்படியும் கேளுங்கள்.

---

செந்தூல்_வக்கீல் | ஞாயிறு, இரவு 10.10

தங்கச்சி சொன்னது சரி. இன்னொன்று. உத்தரவு வந்ததும் வீட்டுக்குப் போய்விடாதீங்க.

2017 பிப்ரவரியில் கிள்ளானில் பாலமுருகன் என்பவரை ரிமாண்ட் நீட்டிக்க மாஜிஸ்திரேட் முன் கொண்டு வந்தார்கள். அவர் நிலைமையைப் பார்த்த மாஜிஸ்திரேட் ரிமாண்டை மறுத்து மருத்துவமனைக்குக் கொண்டு போகச் சொன்னார். திரும்ப ஸ்டேஷனுக்குத்தான் போனார். அங்கேயே இறந்தார். அந்த நீதிபதி தன் கடமையைச் சரியாகத்தான் செய்தார். உத்தரவுக்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் நடுவே இருக்கிற தூரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வண்டி எங்கே போகிறது என்று யாராவது பின்னாலேயே போகணும்.

---

கெராமாட்_கடைக்காரர் | ஞாயிறு, இரவு 10.55

நான் முன்னாடி எழுதினதை அழிக்க மாட்டேன், என் நஷ்டம் நஷ்டம்தான். ஆனா அந்த கிள்ளான் ஆளைப் பத்தி இப்பதான் முழுசா தெரிஞ்சுக்கிட்டேன். அக்கா, செவ்வாய்க்கிழமை காடி இல்லேன்னா சொல்லுங்க. என் வேன் சும்மாதான் நிக்கும், பையன் ஓட்டிட்டு வருவான்.

---

பட்டர்வொர்த்_அக்கா | செவ்வாய், இரவு 9.20

சொல்லிட்டான்.

பேர் கூப்பிட்டதும் எழுந்தான். ஒய்பிஜிகே வக்கீலம்மா காலையில எட்டு மணிக்கே அவன்கிட்ட பேசியிருந்தாங்க. அவங்க ஆரம்பிச்சாங்க, மாஜிஸ்திரேட் நேரா தம்பியைப் பாத்து, "நீயே சொல்லு"ன்னாரு. மொழிபெயர்ப்பாளர் ஒரு சின்னப் பொண்ணு. தம்பி தமிழ்ல சொன்னான். "மூணு பேரு என்னை அடிச்சாங்க." தேதி சொன்னான், இடம் சொன்னான், பைப்பு சொன்னான். ஒருத்தருக்கு இடது புருவத்துல வெட்டுத் தழும்புன்னு சொன்னான், இது எனக்கே தெரியாது. அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை விடாம மலாயில சொல்லுச்சு. மாஜிஸ்திரேட் சட்டையை விலக்கச் சொல்லிப் பாத்தாரு. அப்புறம் ரொம்ப நேரம் எழுதினாரு. கோர்ட்ல சத்தமே இல்ல.

இன்னிக்கே அரசு ஆஸ்பத்திரியில பரிசோதனை பண்ணணும், அறிக்கை அடுத்த தேதிக்குள்ள வரணும், சிசிடிவி பதிவு அழியக்கூடாது, போலீஸ் என் ரிப்போர்ட்டை விசாரிச்ச நிலையைச் சொல்லணும், இதெல்லாம் உத்தரவு. வேற பிளாக்குக்கு மாத்தறதுக்கு வக்கீலம்மா மனு கொடுத்திருக்காங்க, அதுக்கு இன்னும் பதில் வரல.

கடைக்காரர் அண்ணே வேன்லதான் பின்னாலேயே போனோம். அண்ணே மகன் ஒரு வார்த்தை பேசல, சிறை வண்டியைக் கண்ணுல விடாம ஓட்டினாரு. ஆஸ்பத்திரிதான் போச்சு. நாலு மணி நேரம் வெளிய நின்னோம். எக்ஸ்ரே எடுத்தாங்க. காறை எலும்புல விரிசல்னு வக்கீலம்மா போன்ல சொன்னாங்க. அந்தத் தோளோட பத்து நாளா இருந்திருக்கான்.

அடுத்த தேதி மூணு வாரம் கழிச்சு.

---

பழைய_மொழிபெயர்ப்பாளர் | செவ்வாய், இரவு 10.05

அந்த மொழிபெயர்ப்பாளர் பெண்ணுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அடுத்த தேதிக்கு நான் வருகிறேன். காலை முதல் ஃபெர்ரியில் ஏறினால் எட்டு மணிக்குள் கோர்ட் படிக்கட்டில் இருப்பேன். வெள்ளைச் சட்டை, ஊன்றுகோல், அடையாளம் தெரியும். அறிக்கை மலாயில்தான் வரும். நீங்கள் கையெழுத்துப் போடும் முன் வரி வரியாக உங்களுக்குப் படித்துச் சொல்கிறேன். "ஜாத்தோ" என்று எங்காவது எழுதியிருந்தால், விழுந்தான் என்று பொருள், அந்த இடத்தில் நிறுத்திக் கேட்போம்.

---

பட்டர்வொர்த்_அக்கா | செவ்வாய், இரவு 10.31

வாங்க ஐயா. பசியாறாம வாங்க, நான் இட்லி கட்டிக் கொண்டு வர்றேன். இன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன்.